ஊழியமும் கணக்கும்: ஜே. சி. குமரப்பாவை முன்வைத்து



பிறர்க்குப் பணி செய்யும்படி கிறிஸ்தவருக்கு உள்ள அழைப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்று கல்லூரி முதல்வரும் அறக்கட்டளையாரும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பொருளுக்கு வழக்கமாக எடுத்துப் பேசப்படும் பெயர்கள் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர், டோனாவூரில் ஏமி கார்மைக்கேல், கல்கத்தாவில் அன்னை தெரசா. அவர்களைப் பற்றி எத்தனை முறை கேட்டாலும் தகும். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ஒரு தணிக்கையாளர். தஞ்சாவூரில் 1892 ஜனவரி 4 அன்று பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். பின்னாளில் குடும்பத்தின் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஜே. சி. குமரப்பா ஆனார். நானும் தணிக்கைத் துறையில் உழைத்து ஓய்வு பெற்றவன். அதனால் அவர்மீது எனக்குக் கூடுதல் பற்று இருக்கலாம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பற்றால் மட்டும் இல்லை.

நம் சபைகளில் ஊழியம் என்றவுடன் இரக்கம்தான் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்குச் சேலை, வேட்டி கொடுக்கிறோம். வெள்ளம் வந்தால் அரிசிமூட்டை அனுப்புகிறோம். மருத்துவமனை வார்டுகளில் ஜெபித்து ரொட்டியும் பழமும் கொடுக்கிறோம். இவை எதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பசித்தவனுக்குச் சோறு போட்டவனிடம் குறை காண எனக்கு உரிமையில்லை. ஆனாலும் இந்தப் பணி எந்தப் பணத்தில் நடக்கிறது, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குச் சேர வேண்டியது, சேர்ந்ததா என்ற கேள்விகளை நாம் ஊழியத்துக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டோம். அவை பொருளாளரின் வேலை, அரசியல்வாதியின் வேலை என்று விட்டுவிட்டோம். குமரப்பா அந்தக் கேள்விகளை ஊழியத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர். அதை அவர் இயேசுவிடமிருந்தே கற்றதாக நம்பினார். அவர் நம்பியது சரி என்பதே என் கட்சி.

முதலில் வேதத்திலிருந்தே தொடங்குகிறேன். லூக்கா பத்தாம் அதிகாரத்து நல்ல சமாரியனை இங்கே அறியாதவர் இல்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் ஒருவன் கள்ளரிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் விலகிப் போகிறான், லேவியன் விலகிப் போகிறான். சமாரியன் நின்று, காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். கதை முடிவதில்லை. மறுநாள் காலையில் புறப்படும்போது அவன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் எடுத்துக் கொடுக்கிறான். ஒரு பணம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. திராட்சத்தோட்டக் கதையில் அப்படித்தான் வருகிறது. ஆக இரண்டு நாள் கூலியை முன்பணமாகக் கட்டியாயிற்று. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தீர்த்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போகிறான். அதாவது செலவுக்கு ஒரு மதிப்பீடு போட்டு, முன்பணம் கட்டி, மிச்சத்துக்குத் தானே பொறுப்பேற்று, மறுபடி வந்து பார்ப்பதையும் உறுதி செய்துவிட்டான். வழியில் கண்டவனுக்கு மனம் இளகியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரன் நஷ்டப்படக்கூடாது, அடிபட்டவன் கடன்காரனாக வெளியே வரக்கூடாது என்றும் யோசித்திருக்கிறான். இயேசு இந்த விவரத்தைச் சொல்லாமலே கதையை முடித்திருக்கலாம். அவர் அதைச் சொல்லித்தான் முடித்தார்.

ஆதிச் சபையிலும் இதுவே நடந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் சபைக்குள் ஒரு முறுமுறுப்பு எழுகிறது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்பது முறையீடு. அப்போஸ்தலர்கள் அவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை; நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அந்தப் பணிக்கென்றே நியமித்தார்கள். பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பல சபைகளில் திரட்டிய காணிக்கையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். பெருந்தொகை கையாளப்படும்போது யாரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்வதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் விளக்கியும் இருக்கிறார். தாம் அப்போஸ்தலன், தம்மை நம்ப வேண்டியதுதானே என்று அவர் கேட்கவில்லை. பணப்பையை வைத்திருந்த ஒருவன் என்ன செய்தான் என்பது அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே நினைவிருந்தது.

இனி குமரப்பா. வசதியான கிறிஸ்தவக் குடும்பம். தந்தை பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தவர். மகன் சென்னையில் படித்து, லண்டன் சென்று கணக்கியல் பயின்று, முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கேயே தொழில் செய்தார். 1919இல் நாடு திரும்பினார். பம்பாயில் தணிக்கைத் தொழில் செழித்தது. உடையும் பழக்கமும் முழுக்க ஆங்கிலேயப் பாங்கு. அவரைத் திருப்பியது 1927இல் தொடங்கிய அமெரிக்கப் பயணம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படிக்கச் சேர்ந்தார். அந்நாளில் அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். பேச்சைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள் என்றார். பொதுநிதித் துறையில் அன்று உலகம் மதித்த அறிஞர் அவர்.

ஆய்வுக்காக அரசின் வரவுசெலவுக் கணக்குகளைப் புரட்டினார் குமரப்பா. அதுவரை முதலாளிகளின் லாபநஷ்டக் கணக்கைச் சரிபார்த்த கை, முதன்முறையாக ஒரு பேரரசின் கணக்கைச் சரிபார்த்தது. உழவனிடம் வாங்கிய வரி எங்கே போகிறது? ராணுவத்துக்கும், எங்கோ நடந்த போர்களின் கடனுக்கு வட்டியாகவும், வெள்ளை அதிகாரிகளின் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. உழவனின் கிணற்றுக்கும் பள்ளிக்கும் வரும்போது ஏதும் மிஞ்சுவதில்லை. வறுமை விதியால் வந்ததும் இல்லை, சோம்பலால் வந்ததும் இல்லை என்று அந்தப் பக்கங்களே அவருக்குக் காட்டின. தேசபக்திப் பாட்டுக் கேட்டு மாறியவர் பலர். இவர் வரவுசெலவுத் திட்டம் படித்து மாறினார்.

நாடு திரும்பியதும் அந்த ஆய்வை வெளியிட உதவி தேடி, 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பட்டு உடையும் கைத்தடியுமாக நடந்துவந்தவர், சாணம் மெழுகிய தரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நூற்றுக்கொண்டிருந்த முதியவரைப் பார்த்து நின்றார். சந்திப்பு நேரத்துக்கு இன்னும் சில நிமிடம் இருந்தது. முதியவர் பேச்சுக் கொடுத்த பிறகே, தாம் தேடி வந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. நாற்காலி கொண்டுவரச் செய்தார் காந்தி. குமரப்பா அந்தப் பட்டு உடையோடே தரையில் உட்கார்ந்தார். அந்த ஆய்வு காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வந்தது. காந்தி அதோடு விடவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகாவைக் கிராமம் கிராமமாகச் சென்று ஆராய்ந்து வரும்படி கேட்டார். மொழி தெரியாத ஊர். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார் குமரப்பா. என்ன விளைகிறது, எத்தனை மாடு, எவ்வளவு கடன், எவ்வளவு வரி என்று எழுதி எடுத்தார்கள். அந்தத் தாலுகா மக்களால் அரசு கேட்கும் நிலவரியைக் கட்டி உயிர்வாழ முடியாது என்பதைக் கூட்டல் கழித்தலில் நிறுவிக் காட்டினார்கள்.

அதற்கடுத்த ஆண்டு உப்புச் சத்தியாகிரகம். தடியடியில் மண்டை உடைந்தவர்களை நாடே பார்த்தது. அப்போது இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயராக இருந்த ஃபாஸ் வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் போதனைக்குப் பொருந்தாது என்று கருத்து வெளியிட்டார். நம் சமூகத்தில் பலர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையரோடு சேர்ந்து நிற்பதே பாதுகாப்பு என்று நினைத்த காலம் அது. குமரப்பா பேராயருக்குப் பகிரங்கமாகவே பதில் எழுதினார். கிறிஸ்தவ ஊழியர்களுக்கும் மிஷனரிமாருக்கும் ஒரு வேண்டுகோளும் விடுத்தார். அகிம்சையாக நின்று அடிவாங்குகிறவன் பக்கம் நிற்காமல் அடிக்கிறவன் பக்கம் நிற்கும் சபை, சிலுவையைப் பற்றி எந்த வாயால் பேசும் என்பதே அவர் கேள்வியின் சாரம். பல வருடச் சிறைவாசத்தைத் தொடங்கிவைத்த காலம் அது. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பொதுவாழ்வில் கிறிஸ்தவன் செய்யும் ஊழியம் என்று பேசும்போது, பதவிக்கு வந்தவர்களின் பட்டியலைத்தான் நாம் வாசிக்கிறோம். தன் சொந்தச் சபையின் தலைவரிடம் மரியாதை குறையாமல், ஆனால் குரலையும் குறைக்காமல், நீங்கள் சொல்வது சுவிசேஷம் இல்லை ஐயா என்று எழுதுவதும் பொதுவாழ்வுதான். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

பீகாருக்கு வருகிறேன். 1934 ஜனவரி 15 பிற்பகலில் வடக்குப் பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் நடுங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள், வயல்களில் மணல் பொங்கி மூடியது, கிணறுகள் தூர்ந்தன. ராஜேந்திர பிரசாத் தலைமையில் மத்திய நிவாரணக் குழு அமைந்து, நாடெங்குமிருந்து பணம் குவிந்தது. அதன் நிதி ஆலோசகராக அழைக்கப்பட்டார் குமரப்பா. இயற்கைப் பேரிடரில் முதலில் கெடுவது கணக்கு. அவசரம் என்ற ஒரு சொல்லைச் சொல்லி எல்லாவற்றையும் வாங்கலாம், எங்கும் கொடுக்கலாம், பிறகு எழுதிக்கொள்ளலாம். அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. இதை நான் துறையில் இருந்தபோது புயல் நிவாரணப் பதிவேடுகளில் கண்டிருக்கிறேன். ஒரே கைரேகை மூன்று பெயருக்கு நேரே இருக்கும். பெயருக்குரிய மூன்று பேரும் மூன்று தெருவில் பாய் இல்லாமல் படுத்திருப்பார்கள்.

குமரப்பா அங்கே என்ன செய்தார் என்பதற்கு அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. தொண்டர்களின் அன்றாடச் சாப்பாட்டுச் செலவுக்கு அவர் மிகச் சிறிய ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார். நிவாரணக் கூட்டத்துக்காகக் காந்தியும் அவருடன் இருப்பவர்களும் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. காந்தியின் உணவு எளியதே. ஆனால் ஆட்டுப்பாலும் பழமும் கொட்டையும் தொண்டனின் சாப்பாட்டைவிட விலை கூடியவை. நிவாரண நிதியிலிருந்து அந்தச் செலவைத் தர இயலாது, வருகிறவர்கள் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குமரப்பா தெரிவித்துவிட்டார். தமக்கு ஞானத்தகப்பன் போல் இருந்தவரிடமே சொன்னார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். வருத்தப்பட்டதாகச் செய்தி இல்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. கஞ்சத்தனம், சட்டப்புத்தகப் பிடிவாதம் என்பார்கள். அந்த நிதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் அணாவைப் போட்டிருக்கும். ஒரு விதவை வளையலைக் கழற்றியிருப்பாள். காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்து, ஏழை விதவை போட்ட இரண்டு காசைக் கவனித்துப் பார்த்துச் சீஷரிடம் எடுத்துச் சொன்னவர் இயேசு. அவரைப் பின்பற்றுகிற ஒருவன் நிவாரண நிதியைக் கையில் வைத்திருக்கும்போது அந்த இரண்டு காசு அவன் கண்முன் நிற்க வேண்டும். அது நின்றதால்தான் மகாத்மாவுக்கே அவர் விலக்குத் தரவில்லை.

ஊழியத்துக்குத் திறமை வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. ஐடா ஸ்கடரை விட்டுவிட்டுப் பேசுவதாகச் சொன்னேன். ஒரு சொல் மட்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில் பேறுகாலத் துன்பத்தில் மூன்று பெண்கள் ஆண் மருத்துவரை அனுமதிக்க முடியாததால் இறந்துபோனார்கள். அதைக் கண்ட ஐடா அழுதுவிட்டு அங்கேயே நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்கா சென்று, மருத்துவம் படித்து 1899இல் பட்டம் பெற்று, அதன் பின்பே வேலூருக்கு வந்தார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இரக்கப்பட்ட இரவுக்கும் சிகிச்சை அளித்த பகலுக்கும் நடுவில் வருடக்கணக்கான படிப்பு இருக்கிறது.

குமரப்பாவிடம் திரும்புவோம். 1934 இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் அமைந்தபோது அதன் செயலாளரானார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் குடிசையில் வாழ்ந்தார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையால் செய்த காகிதம் ஆகியவற்றை அங்கே ஆராய்ந்தார்கள், செய்து காட்டினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கையும் உருவாக்கினார்கள். இவற்றைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடுவோர் அன்றும் இருந்தார்கள். அவர் ஏன் அதில் இறங்கினார் என்பதற்கு அவரே தந்த எடுத்துக்காட்டு ஒன்று போதும். அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் அன்றாட வாழ்வில் ஊழியம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான விடையை நான் படித்ததில்லை.

கடையில் ஒருவர் சிறு டப்பா கொக்கோ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் குமரப்பா. அந்தக் கொக்கோ விளைந்த இடம் மேற்கு ஆப்பிரிக்காவின் தோட்டங்கள். அங்கே உழைத்தவர்கள் ஏதோ ஒரு வகையில் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டவர்கள். அதைச் சுமந்த கப்பல் ஓடியது ஆயுதபலத்தால் காக்கப்பட்ட கடல்வழி. ஆலையில் பொடித்தவர்களுக்குக் கிடைத்தது வயிறு நிறையாத கூலி. இந்தியாவுக்குள் அது வந்ததோ, ஆட்சி அதிகாரத்தால் திணிக்கப்பட்ட சுங்கச் சலுகையால். அந்தச் சின்னஞ்சிறு டப்பாவுக்குள் இத்தனை வரலாறும் அடைபட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவர் இந்த அத்தனைக்கும் உடந்தை ஆகிறார். நான் வெறுமனே வாங்கினேன் என்று அவர் கைகழுவ முடியாது. அதனால் நமக்கு எட்டும் தூரத்தில், யார் செய்தார், என்ன கூலி பெற்றார் என்று போய்ப் பார்க்க முடிந்த பொருளையே வாங்குவது நெறி என்றார் அவர். கைக்குத்தல் அரிசி அவருக்கு ஓர் உணவுப் பழக்கம் என்பதோடு நிற்கவில்லை. குத்துகிற பெண்ணின் கூலி அதில் இருந்தது.

இங்கே இருக்கும் அம்மாமார்களுக்குப் பிடியரிசி தெரிந்திருக்கும். நம் தென்மாவட்டச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். உலை வைக்கும்போது வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். ஊழியருக்கும் ஏழைக்கும் போகும். அளந்த பிறகு எடுப்பதுதான் அதில் முக்கியம். அன்றைக்கு அந்த வீடு ஒரு பிடி குறைவாகச் சாப்பிட்டது. மூட்டையில் மிஞ்சியதைக் கொடுத்தால் வீட்டின் சோற்றில் எதுவும் குறையாது. இன்று பிடியரிசி பல ஊர்களில் உறையில் போடும் பணமாகிவிட்டது, தவறில்லை. ஆனால் தட்டில் ஏதாவது குறைகிறதா என்ற கேள்வி அந்த உறைக்கும் உண்டு.

1942 ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் மறுபடி சிறை. ஜபல்பூர் சிறையில் அவர் எழுதி 1945இல் வெளிவந்த நூல்கள் இரண்டு. ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது; மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. ஒரே கைதி, ஒரே சிறை, ஒரே காலம். ஒன்று கோயில் அலமாரிக்கும் மற்றது பொருளியல் துறைக்கும் பிரிந்து போனது நம்முடைய குற்றம்; அவர் அவற்றை ஒரே சிந்தனையாகத்தான் எழுதினார். காந்தி இரண்டையும் படித்து முன்னுரை எழுதியதோடு, இறையியலில் ஒரு ‘டாக்டர்’ பட்டமும் கிராமத் தொழிலில் ஒரு ‘டாக்டர்’ பட்டமும் தாமே அவருக்குச் சூட்டினார்.

பொருளாதார நூலில் உயிர்களின் வாழ்முறையை அவர் ஐந்து படிகளாக அடுக்குகிறார். கொன்று வாழ்வது, அடிப்படி. தான் நடாத மாந்தோப்பில் குரங்கு தின்பதுபோல், உழைக்காமல் எடுத்துக்கொள்வது அடுத்தது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை மூன்றாம் படி. கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ நான்காம் படி. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை கொணர்ந்து ஊட்டும் தாய்ப்பறவை ஐந்தாம் படி. அதைத்தான் அவர் சேவைப் பொருளாதாரம் என்றார். நாம் கவனிக்க வேண்டியது அவர் அதை வைத்த இடம். ஓய்வுநேரத்தில் செய்யும் தருமமாக, சம்பாதித்து முடித்த பிறகு கொடுப்பதாக அவர் சேவையை வைக்கவில்லை. ஒரு நாடு எப்படி விளைவிக்க வேண்டும், எப்படிப் பங்கிட வேண்டும் என்ற கேள்விக்கு விடையாக வைத்தார். உங்களில் பெரியவனாயிருக்க விரும்புகிறவன் ஊழியக்காரனாயிருக்க வேண்டும் என்ற கருத்தை ஞாயிற்றுக்கிழமையில் ஒப்புக்கொள்கிறோம். திங்கட்கிழமை நிதி அறிக்கைக்கும் அது செல்லும் என்று அவர் நம்பினார்.

நம்பியதோடு விடவில்லை. விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். அறிக்கை 1949இல் வந்தது. உழுகிறவனுக்கே நிலம், இடைத்தரகர்கள் கூடாது, ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தைப் போல் மூன்று மடங்கே உச்சவரம்பு என்று அது பரிந்துரைத்தது. நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையே தடை செய்யச் சொன்னது. அந்தத் தடைக்கு மட்டும் விலக்குப் பெற்றவர்கள் யார் தெரியுமா? விதவைகள், வயது வராத பிள்ளைகள், உடல் இயலாதவர்கள். மோசேயின் சட்டத்தில் வயல் ஓரத்தை முற்றும் அறுக்காமல் விடச் சொல்லி, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே என்று சொல்லி, அதை யாருக்கு உரியதாக்கினார்களோ, கிட்டத்தட்ட அதே மனிதர்கள். அங்கே அது பிச்சையாகச் சொல்லப்படவில்லை. ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது சட்டம் அவளுக்குத் தந்த உரிமையால். அரசியல் குழுவின் அறிக்கை என்று அதைப் படிப்பவர்களுக்கு அது பத்தோடு பதினொன்று. வேதம் தெரிந்தவர்கள் அந்த விலக்கு விதியைப் படித்தால் அதை எழுதியவரின் வீட்டுக் குடும்ப ஜெபம் காதில் விழும். அந்தப் பரிந்துரைகள் பல அப்படியே கிடப்பில் போடப்பட்டன என்பது நம் நாட்டு வரலாறு.

நாட்டின் பெருந்திட்டங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. டெல்லிக்குப் பக்கத்தில் இருந்து பதவி தேடவும் இல்லை. கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். உடல் நலிந்து, 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார். காந்தி சுடப்பட்ட அதே நாள்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். குமரப்பா இன்று நம் சபைகளையும் நிறுவனங்களையும் தணிக்கைக்கு எடுத்தால் எந்தப் பதிவேட்டை முதலில் கேட்பார்? தருமக் கணக்கை அவர் கேட்கமாட்டார். சம்பளப் பதிவேட்டைக் கேட்பார். பெரிய பெரிய கட்டடங்கள், அவற்றில் கழிப்பறை கழுவுகிறவர் ஒப்பந்தக்காரரின் ஆள். அவருக்கு வைப்புநிதி கட்டப்படுகிறதா என்று நிர்வாகத்துக்குத் தெரியாது. தற்காலிக ஆசிரியை கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் வாங்கியது ஒன்று. கேட்டால், இது ஊழியம்தானே என்று பதில். யாக்கோபு எழுதிய நிருபத்தில், பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிட்டு ஆண்டவரின் காதுக்கு எட்டும் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஊழியம் என்ற பெயரைச் சொல்லிக் கூலியைக் குறைப்பவர்கள், அடுத்த ஞாயிறு வேதபாடமாக அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம்.

கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவர்களையும் அவர் பார்ப்பார். நிவாரண அரிசியை எல்லாத் தெருவுக்கும் கொடுத்துவிட்டு, செத்தவனைத் தனித்தனியாகப் புதைக்கும் ஊர்கள் நம்மிடையே இருக்கின்றன. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தும் கழிவுநீர்த் தொட்டிச் சாவுகள் நின்றபாடில்லை. செத்தவர்களின் குடும்பத்துக்கு ஜெபிக்கப் போகிறோம். நம் சொந்த வளாகத்துத் தொட்டியை யார், எதைக் கொண்டு சுத்தம் செய்கிறார்கள் என்று பார்க்க எந்தக் குழுவும் இல்லை. சீஷரின் அழுக்குக் கால்களைக் கழுவியவரைப் பெரிய வியாழனன்று நினைவுகூருகிற நாம், அழுக்கைக் கழுவும் வேலையை யார் தலையில் வைத்திருக்கிறோம் என்று வருடத்தின் மற்ற நாட்களில் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்களில் பலர் கணக்கியலும் பொருளியலும் படிக்கிறீர்கள். ஊழியம் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் படிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் துண்டுப்பிரசுரம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஓர் ஊராட்சியின் வரவுசெலவைப் படிக்கத் தெரிந்தவர் அந்த ஊரில் எத்தனை பேர்? நூறுநாள் வேலையின் வருகைப் பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறதா, சம்பளம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று தெரியாமல் நிற்கும் பாட்டிக்கு அதைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேர்? முதியோர் ஓய்வூதியம் ஏன் நின்றது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க எத்தனை பேர்? அலுவலகத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை உட்காரச் சொல்லி, கோப்பை அன்றே நகர்த்தி, கையை நீட்டாமல் இருந்தாலே போதும். உங்கள் நாற்காலி அன்றைக்கு ஊழியக் களம்.

இந்த அறக்கட்டளையாரிடமும் முதல்வரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன். மாதர் தாலுகாவில் குமரப்பாவுடன் போனவர்கள் கல்லூரி மாணவர்கள்தாம். உங்கள் வணிகவியல், பொருளியல் துறைகளிலிருந்து ஒரு குழுவை இந்த வருடம் பக்கத்து ஊராட்சி ஒன்றுக்கு அனுப்புங்கள். நிலம் யாரிடம் இருக்கிறது, குழுக் கடனுக்கும் கந்துவட்டிக்கும் வாரம் எவ்வளவு போகிறது, பெண்ணுக்கும் ஆணுக்கும் என்ன கூலி, துப்புரவுப் பணியாளருக்கு என்ன கிடைக்கிறது, குடிநீர் எந்தத் தெரு வரைக்கும் வருகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். அந்த அறிக்கையை நூலகத்தில் கட்டி வைக்க வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில், அந்த ஊர் மக்களே எழுந்து நின்று தங்கள் கணக்கைப் படிக்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களின் பயணச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் இந்த அறக்கட்டளை ஏற்கலாம். உச்சவரம்பு வைத்து, ரசீதோடு.